எசில்ட், மெர்வினுக்கு அம்மாவா மனைவியா? வேல்ஸ் வம்சாவளியில் சறுக்கும் இடங்கள்

மெர்வின் 844-ல் இறந்த மன்னர்; வடமேற்கு வேல்ஸில் இருந்த குவினெத் நாட்டை ஆண்டவர். இணையத்தில் உலவும் பல வம்ச வரைபடங்களில் எசில்ட் என்பவர் அவருடைய மனைவி. கிடைப்பவற்றில் பழைய பட்டியலோ வேறு சொல்கிறது: 'மெர்வின் மாப் எத்தில் மெர்க் கினன்'. மாப் என்றால் மகன், மெர்க் என்றால் மகள். கினன் மகள் எத்திலின் மகன் மெர்வின். எத்தில்தான் பின்னாளில் எசில்ட் ஆனது. மனைவி ஆக்கியது பிற்கால வம்சாவளிகள்.

நான் பழையதையே நம்புவேன். அது 10-ஆம் நூற்றாண்டில் தென் வேல்ஸ் மன்னர் ஓவைன் ஆப் ஹவெலுக்காகத் தொகுக்கப்பட்டது ('ஆப்' என்பதும் அந்த 'மாப்' தான், ஹவெலின் மகன் ஓவைன்). மெர்வின் அவருக்கு எள்ளுத்தாத்தா. தவிர, அப்பன் பெயராகவே அடுக்கும் வரிசையில் திடீரென்று ஒரு பெண் வந்தால் காரணம் இருக்கும். மெர்வினின் அப்பா குரியாத் வெளியாள். குவினெத் உரிமை அம்மா வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அந்த 'மெர்க்' கண்ணில் படாமல் போனால் எத்தில் ஆணாகிவிடுவார். இரண்டு பட்டியலையும் கலந்து அவரை அம்மாவாகவும் மனைவியாகவும் போட்டால், கேட்கவே வேண்டாம்.

அடுத்தது, 'ஆப்' என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வது. நம் இனிஷியல் மாதிரிதான் அது, தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கிரிஃபித் ஆப் லுவெலின் என்று தேடினால் இரண்டு பெரிய ஆட்கள் வருவார்கள். ஒருவர் 1063-ல் கொல்லப்பட்ட மன்னர். இன்னொருவர் 1244-ல் லண்டன் கோபுரச் சிறையிலிருந்து கயிறு கட்டி இறங்கும்போது விழுந்து இறந்தவர். அப்பா பெயரோடு நிறுத்தாமல் தாத்தா பெயர் வரை பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். 'வஹன்' (Fychan) என்ற ஒட்டும் அப்படித்தான்: சின்னவர் என்று பொருள், பெரும்பாலும் அப்பாவும் மகனும் ஒரே பெயராக இருந்தால் வரும். வான் என்ற குடும்பப் பெயராக அது நிலைத்தது பிறகு. பவெல், பிரைஸ் எல்லாம் 'ஆப் ஹவெல்', 'ஆப் ரிஸ்' உருகி வந்தவை.

அப்புறம், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்று தெரிந்ததும் கிளையை வெட்டிவிடுவது. வேல்ஸ் சட்டத்தில் அப்பா மகனென்று ஏற்றாலே சொத்தில் பங்கு உண்டு. அதை இங்கிலாந்து ஆட்சி நிறுத்தியது 1284-ல்தான். கோபுரத்திலிருந்து விழுந்த கிரிஃபித்தும் மணவுறவுக்கு வெளியே பிறந்தவர்தான். 1267-ல் இங்கிலாந்து மன்னரே வேல்ஸ் இளவரசராக ஏற்ற லுவெலின், இந்தக் கிரிஃபித்தின் மகன்.