பழைய ஹாம் ரேடியோவைப் புதிய லேப்டாப்போடு இணைப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்திலிருந்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிபெயர்ந்த வீடுகள் சிலவற்றில் இன்னும் நன்றாக வேலை செய்யும் எச்எஃப் (குறுஅலை) ஹாம் ரேடியோக்கள், அதாவது அமெச்சூர்கள் அலை அனுப்பவும் வாங்கவும் வைத்திருக்கும் செட்டுகள், இருக்கின்றன. கென்வூட் டிஎஸ்-570, யேசு எஃப்டி-857, ஐகாம் ஐசி-718 மாதிரியானவை. வீட்டுப் பிள்ளைகள் எஃப்டி8 (கணினி வழியே சின்னச் செய்திகளை ரேடியோவில் அனுப்பும் டிஜிட்டல் முறை) பழக ஆசைப்பட்டு லேப்டாப்பைக் கொண்டு வருவார்கள். அதில் யூஎஸ்பி மட்டும்தான் இருக்கும். ரேடியோவிலோ பழைய சீரியல் போர்ட். உடனே யாராவது, “இதை வித்துட்டுப் புதுசு வாங்கிடுங்க அண்ணே” என்பார்கள். விற்க வேண்டாம். நல்ல ரிசீவர் உள்ள ரேடியோவைக் கேபிளுக்காகக் கைவிடுவது அநியாயம். லேப்டாப்பிலிருந்து ரேடியோவை ஆட்டிவைக்கச் சரியான கேபிள் ஒன்று போதும். ஆனால் வோல்டேஜ் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

முதலில் ரேடியோவின் பின்பக்கம்

டிஎஸ்-570, டிஎஸ்-2000 ஆகியவற்றில் ஒன்பது பின் உள்ள போர்ட் இருக்கும். இது அசல் ஆர்எஸ்-232, பழைய கணினிகளில் இருந்த அதே சீரியல் முறை. இதில் சிக்னல் கழித்தல் 3 முதல் 15 வோல்ட், கூட்டல் 3 முதல் 15 வோல்ட் என்று இரண்டு பக்கமும் போய்வரும்.

எஃப்டி-817, 857, 897 மூன்றிலும் எட்டு பின் உள்ள சின்ன வட்ட சாக்கெட். ஐகாமில் இயர்போன் மாட்டுவது போன்ற 3.5 மில்லிமீட்டர் ஓட்டை. அதன் பெயர் சிஐ-வி, அனுப்புவதும் வாங்குவதும் ஒரே கம்பியில் நடக்கும். இந்த இரண்டு வகையும் டிடிஎல், அதாவது 0 முதல் 5 வோல்ட் வரை மட்டும். கடையில் கிடைக்கும் ஒன்பது பின் யூஎஸ்பி அடாப்டரிலிருந்து நேராக வயர் இழுத்து இவற்றில் கொடுத்தால், 5 வோல்ட்டுக்கு மேல் பழகாத சிப்பில் கழித்தல் வோல்டேஜ் ஏறும். உள்ளே இருக்கும் சிபியு போய்விட்டால் மாற்று கிடைப்பது கஷ்டம். பிளக் பொருந்துகிறது என்பதற்காக மாட்டிவிடாதீர்கள்.

ஆகவே கென்வூட்டுக்கு ஆர்எஸ்-232 அடாப்டரும் நேர் கேபிளும் வாங்குங்கள். ‘நல் மோடம்’ (null modem) என்ற குறுக்குக் கேபிள் வேண்டாம். யேசுவுக்கும் ஐகாமுக்கும் அந்தந்த மாடலுக்கென்றே செய்த யூஎஸ்பி கேபிள் வாங்குங்கள். வோல்டேஜ் மாற்றும் சிப் அதற்குள்ளேயே இருக்கும். மாடல் பெயர் போடாமல் ‘எல்லா ரேடியோவுக்கும்’ என்று விற்கும் கேபிளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சிப்பும் டிரைவரும்

கேபிளில் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிப்பாக எஃப்டிடிஐ, சிபி2102, சிஎச்340 மூன்றில் எது இருந்தாலும் சரி. பிஎல்2303 சிப்பின் பழைய வகைகளுக்கும் போலிகளுக்கும் புது விண்டோஸ் டிரைவர் ஒத்துழைக்காது; டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்து நிற்கும். கேபிளை மாட்டியதும் அதே டிவைஸ் மேனேஜரில் ‘போர்ட்ஸ்’ பகுதியைத் திறந்து காம் எண்ணை (COM3 மாதிரி) குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் ஆட்கள் தங்கள் கணக்கை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்க்க வேண்டும்.

ரேடியோ இல்லாமல் ஒரு சோதனை

ஒன்பது பின் அடாப்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ரேடியோவை மாட்டாமல், அடாப்டரின் 2-ஆம் பின்னையும் 3-ஆம் பின்னையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். பக்கத்துப் பின்னைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீரியல் போர்ட்டோடு எழுத்தில் பேச உதவும் புட்டி (PuTTY) நிரலில் சீரியலைத் தேர்ந்தெடுத்து, காம் எண் கொடுத்து, ஃப்ளோ கன்ட்ரோலை ‘நன்’ (None) என்று வைத்துத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வந்தால் அடாப்டரும் டிரைவரும் நலம். வயரை எடுத்ததும் எழுத்து நிற்க வேண்டும். இனி ஏதாவது தகராறு என்றால் அது ரேடியோ பக்கம்தான், லேப்டாப்பைக் குடைய வேண்டியதில்லை. எத்தனையோ மணி நேரத்தை இது மிச்சப்படுத்தும்.

ரேடியோவோடு பேசுவது

ரேடியோவின் மெனுவில் இருக்கும் வேகமும் (baud rate) கணினியில் கொடுக்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். எஃப்டி-857 என்றால் கணினி நிரலில் 8 பிட், பேரிட்டி இல்லை, 2 ஸ்டாப் பிட் என்று வையுங்கள். அதன் பின்பக்கச் சாக்கெட் ஆன்டெனா ட்யூனருக்கும் லீனியருக்கும் (பவர் பெருக்கி) சேர்த்தே இருப்பதால் மெனுவில் ‘கேட்’ (CAT, கணினிக் கட்டுப்பாடு) என்று மாற்றவும் மறக்காதீர்கள். ஐகாமில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு முகவரி உண்டு. ஐசி-718-க்கு ஹெக்ஸ் எண்ணில் 5ஈ (5E). கைமாறி வந்த ரேடியோவில் முந்தைய சொந்தக்காரர் அதை மாற்றியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

கென்வூட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோலை ஆர்டிஎஸ்/சிடிஎஸ் (RTS/CTS) என்று மாற்றிவிட்டு, ஆங்கிலப் பெரிய எழுத்தில் எஃப், ஏ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி (FA;) தட்டுங்கள். ரேடியோ 7.074 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் அதே இரண்டு எழுத்தோடு 00007074000 என்று பதில் வரும். டயலைத் திருப்பிவிட்டு மறுபடி கேளுங்கள், எண் மாறியிருக்கும். பதிலே வரவில்லையென்றால் மூன்று வயர் மட்டும் உள்ள கேபிளா என்று பாருங்கள். ஆர்டிஎஸ், சிடிஎஸ் போகும் 7, 8 பின்களின் வயரும் இருந்தால்தான் கென்வூட் வாய் திறக்கும்.

நிரலில் அமைப்பது

எஃப்டி8-க்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரலைத் திறக்குமுன் ரேடியோவின் பவரைக் கடைசி வரை குறைத்து, ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் கருவி) மாட்டுங்கள். நிரல் போர்ட்டைத் திறக்கும்போது ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற கட்டுப்பாட்டுக் கம்பிகளில் வோல்டேஜ் உயர்ந்து, சில கேபிள்களில் ரேடியோ தானாகவே டிரான்ஸ்மிட்டுக்குப் போய்விடும். அப்புறம் செட்டிங்ஸில் ‘ரேடியோ’ என்ற பக்கத்துக்குப் போய் மாடல், காம் எண், வேகம் கொடுத்து ‘டெஸ்ட் கேட்’ பொத்தானை அழுத்துங்கள். பச்சையானால் முடிந்தது. தானாக டிரான்ஸ்மிட் ஆனால் அதே பக்கத்தில் அந்த இரண்டு கம்பிகளையும் ‘லோ’ என்று வையுங்கள்; கென்வூட்டுக்கு டிடிஆர் மட்டும் போதும், ஆர்டிஎஸ்ஸைத் தொடாதீர்கள்.

இந்தக் கேபிள் ரேடியோவை ஆட்டிவைக்க மட்டுமே. எஃப்டி8-இன் சத்தம் போக வர தனி ஆடியோ இணைப்பு வேண்டும். நடுவில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாக வாங்கினால் இரைச்சல் குறையும். அலை அனுப்ப, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி தரும் அமெச்சூர் அனுமதி கட்டாயம்.

நம் ஊர் ஈரக்காற்றில் பழைய சாக்கெட்டுகளின் பின்கள் பச்சை பூத்துவிடும். மாட்டுமுன் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள். மத்தியானம் இடி கேட்க ஆரம்பிக்கும் முன்பே ஆன்டெனாவைக் கழற்றும்போது யூஎஸ்பியையும் கழற்றுங்கள். ரேடியோ வழியாக வரும் மின்னலுக்கு இப்போது லேப்டாப்பும் ஒரு பாதை.