தூக்கம் வரவில்லையா? அதற்காகச் சீக்கிரம் படுக்காதீர்கள்

தூக்கமின்மைக்கு சிபிடி (அறிவாற்றல் நடத்தை சிகிச்சை) தருகிறோம் என்று சொல்லும் பல இடங்களில் நடப்பது வேறு. சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம், போனைத் தள்ளி வையுங்கள், பால் குடியுங்கள் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தாளில் இருப்பதெல்லாம் சரிதான். ஆனால் மாதக்கணக்கில் தூங்காதவருக்கு அது மட்டும் போதாது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே தர வேண்டிய சிகிச்சை என்று சிபிடியைச் சொன்னது, இந்த அறிவுரைத் தாளை மனதில் வைத்து அல்ல.

சிகிச்சையின் முதுகெலும்பு இரண்டு. படுக்கை என்றாலே தூக்கம் என்று உடம்பைப் பழக்குவது ஒன்று; ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் கொண்டுவந்தது. படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைப்பது மற்றொன்று. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற இன்னொரு உளவியலாளர் 1980-களில் வகுத்தது. இந்த இரண்டாவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், சிகிச்சை தருபவர் உட்பட.

தூக்கம் கெட்டதற்குப் பிரசவம், கடன், சாவு என்று ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். அது போன பிறகும் தூக்கமின்மை நிற்பது, ஈடுகட்ட நாம் செய்கிற காரியங்களால். ஒன்பது மணிக்கே படுப்பது, மத்தியானம் ஒரு மணி நேரம் கண் அசருவது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை எழாமல் கிடப்பது.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் ராத்திரி 9 மணிக்குப் படுத்துக் காலை 5.30-க்கு எழுகிறார், படுக்கையில் எட்டரை மணி நேரம். தூங்கியது ஐந்தரைதான். அதாவது 65 சதவீதம். சிகிச்சையில் அவருக்குப் படுக்கையில் கிடைப்பது அந்த ஐந்தரை மணி நேரம் மட்டுமே. தண்ணீர் பிடிக்க எப்படியும் 5.30-க்கு எழ வேண்டும், அதை மாற்றுவதில்லை. ஆக, படுப்பது 12 மணிக்கு. "இன்னா மேடம், தூக்கமே வர்லன்றேன், இன்னும் லேட்டா படுன்றீங்க?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. முதல் வாரம் பகலில் அசதி கூடும், அதற்குப் பிறகுதான் தூக்கம் ஒரே கட்டாகச் சேரும் என்று அப்போதே சொல்லாதவர்கள், இரண்டாவது வாரம் அவர் ஏன் வரவில்லை என்று யோசிக்கத் தேவையில்லை. படுக்கையில் இருக்கும் நேரத்தில் தூங்குவது 85-90 சதவீதத்தைத் தாண்டியதும் வாரத்துக்கு 15 நிமிடம் முன்னால் படுக்க விடலாம். எவ்வளவு குறைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது.

இதை எல்லோருக்கும் கொடுத்துவிடுவது அடுத்த தவறு, ஆபத்தான தவறும்கூட. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவரின் தூக்கத்தைக் குறைத்துவிட்டு வண்டியில் ஏற்றி அனுப்ப முடியாது. இருதுருவ மனநோய் உள்ளவருக்குத் தூக்கத்தைக் குறைத்தால் மேனியா (கட்டுக்கடங்காத பரபரப்பு நிலை) கிளம்பலாம். வலிப்பு உள்ளவருக்கு வலிப்பு வரலாம். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, பகலெல்லாம் தூங்கி வழிபவருக்கு முதலில் தேவை மூச்சுத்தடைக்கான பரிசோதனை. காசிமேட்டில் விடியலுக்கு முன்பே ஏலத்துக்கு நிற்கும் அக்காவுக்கோ, மணலியில் ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவருக்கோ இருப்பது பெரும்பாலும் தூங்க நேரமில்லாத குறை. அவர்களுக்குத் தூக்கமின்மை என்று எழுதும் முன் ஷிப்ட் அட்டவணையைக் கேளுங்கள்.

பிறகு, படுக்கையறை. "தூக்கம் வரலைன்னா வேற ரூமுக்குப் போங்க" என்று பாடப்புத்தகத்தில் உள்ளதை அப்படியே சொல்கிறார்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் வேறு ரூம் ஏது? ஐந்து பேர் படுத்திருக்கும் ஒரே அறை, டிவியும் அங்கேதான். ஆனால் பாயில் படுப்பவருக்கு ஒரு வசதி உண்டு, கட்டில்காரருக்கு அது இல்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டால் படுக்கையே இல்லை. கண் சொக்கும்போது விரிப்பது, இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் சுருட்டிவிட்டு வாசப்படியிலோ சமையல் மேடை ஓரத்திலோ உட்காருவது, சொக்கினால் மறுபடி விரிப்பது. பாயில் உட்கார்ந்து சாப்பிடுவதும் போன் பார்ப்பதும் கூடாது. கட்டில் இருக்கிற வீட்டில் அதுதான் சோபா, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதும் அதில்தான். அங்கே தலையணையையும் போர்வையையும் படுக்கும்போது மட்டும் எடுத்துப் போடச் சொல்லலாம். இருபது நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து எண்ண வேண்டாம், குத்துமதிப்பு போதும். தூக்க டைரியும் அப்படித்தான். எப்போது படுத்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று காலையில் எழுந்து நினைவிலிருந்து எழுதுவது. ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணைப் பார்த்துக் கவலைப்பட்டே தூக்கத்தைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள்.

மனதைப் பற்றிய பகுதியில் பெரிய தவறு, "பாசிட்டிவா நினைங்க" என்பது. எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் நாளைக்கு வேலையே ஓடாது என்று நம்புபவரிடம் வாதாடிப் பயனில்லை. போன வாரம் சரியாகத் தூங்காத மறுநாள் என்னென்ன வேலை முடித்தார் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். அதே சமயம், கடன் வசூலிக்கும் தண்டல்காரர் காலையில் வாசலில் நிற்பார் என்ற கவலையைத் தவறான எண்ணம் என்று திருத்தப் போகாதீர்கள். அது உண்மை. அதற்குச் சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கி, யாருக்கு எவ்வளவு, அடுத்து என்ன செய்வது என்று தாளில் எழுத வைத்தால், பாயில் படுத்தபடி அதே கணக்கைப் போடுவது குறையும்.

மாத்திரை விஷயம். அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளை மாதக்கணக்கில் தினமும் போடுபவர், சிபிடி ஆரம்பித்த உற்சாகத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பது மனநல மருத்துவரின் வேலை. சைக்காலஜிஸ்ட்டும் சொல்லக் கூடாது, மெடிக்கல் ஷாப்காரரும் சொல்லக் கூடாது.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். போகும்போது இரண்டு வாரம் எழுதிய தூக்க டைரியையும், போடுகிற மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.