முதலில் கை, பிறகு திரை: அறிவியல் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழாம் வகுப்புக்கு மின்சுற்றுப் பாடம். கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபெட் (PhET) என்ற, கணினியிலேயே சோதனை செய்து பார்க்கும் மென்பொருளை ஸ்மார்ட் போர்டில் திறந்து, மின்கலம், ஒயர், பல்பு என்று ஒவ்வொன்றாக இழுத்து இணைத்துக் காட்டினேன். எலக்ட்ரான்கள் நீலக் குண்டுகளாக ஓடின, பல்பு எரிந்தது, பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுத்த பீரியடில், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் வாங்கி வந்த செல்லும் ஒயரும் சிவப்பு எல்.இ.டி.யும் கொடுத்தேன். எந்தக் குழுவுக்கும் எரியவில்லை. ஐந்தே நிமிடத்தில் "மிஸ், இந்த செல் போயிடுச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

செல் நன்றாகத்தான் இருந்தது. சிவப்பு எல்.இ.டி. ஒளிர ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும், ஒரு செல் தருவதோ 1.5 வோல்ட். இரண்டு செல்லைத் தொடராக வைத்து, சிறிய மின்தடையாக்கி (ரெசிஸ்டர்) ஒன்றும் சேர்க்க வேண்டும். எல்.இ.டி.யின் இரண்டு கால்களை மாற்றி இணைத்தாலும் எரியாது. ஒயரின் பிளாஸ்டிக் உறையைச் சீவாவிட்டாலும் எரியாது. நான் திரையில் காட்டியதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சரியான விடையை முதலிலேயே பார்த்துவிட்ட பிள்ளை, கையில் வேறு விடை வந்ததும் பொருளைத்தான் குறை சொல்கிறது. ஏன் என்று யோசிப்பதில்லை.

நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு இந்த வரிசைதான். மறு வருடம் மாற்றினேன். முதலில் பொருளைக் கொடுத்து, எரியுமா எரியாதா என்று நோட்டில் எழுதச் சொன்னேன். அப்புறம் செய்து பார்த்தார்கள். திருப்பிப் போட்டால் ஏன் எரியவில்லை, ஒயருக்குள்ளே என்னதான் போகிறது என்ற கேள்விகள் அவர்களிடமிருந்தே வந்தபோது போர்டைத் திறந்தேன். அந்தக் குண்டுகள் வெறும் படம்தான், உண்மையில் எலக்ட்ரான்கள் ஒயரில் மிக மெதுவாகவே நகர்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் படமே மனதில் தங்கிவிடும்.

வாசலில் இருப்பதையும் வீடியோவில் காட்டுவது அடுத்த தவறு. சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் கடைசி தேர்வும் விடுமுறையுமாகப் போய்விடும். ஆகஸ்டில் பள்ளி நடக்கிறது. அன்றைக்கும் வகுப்பை இருட்டாக்கி நிழலில்லா நாள் வீடியோ ஓட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை எடுத்துத் தாங்களாகவே படித்தார்கள். ஸ்மார்ட் போர்டு வந்ததும் பல வகுப்புகளில் எல்லோரையும் மறுபடி சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார வைத்துவிட்டோம். போர்டு சுவரிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் வட்டமாகவே இருக்கலாம், தேவைப்படும் பத்து நிமிடம் மட்டும் திரும்பிப் பார்த்தால் போதும்.

டேப்லெட் ஒன்றே இருந்தால் எப்போதும் அதே பிள்ளையின் கையில்தான் இருக்கும், அதனால் முறை வைத்து மாற்றுங்கள். இணையத்தை நம்பி இறங்காமல் முந்தின நாளே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

செல்போனை டிவியாக மட்டும் பயன்படுத்துவதும் ஒரு இழப்பு. ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி ஆட்டினால் ஒரு முழு அலைவுக்கு ஏறக்குறைய 2 வினாடி ஆகும். பிள்ளைகள் வாயால் எண்ணி அளக்கட்டும். அப்புறம் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துச் சரிபார்க்கட்டும். இங்கே போன் ஓர் அளவுகோல், பிள்ளையின் கை ஓய்ந்து உட்காரவில்லை.

ஆகஸ்ட் 18 அன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 30 செ.மீ. குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு, 11.45-லிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் முனையைச் சாக்பீஸால் குறியுங்கள். நிழல் மிகக் குட்டையாவது 12 மணிக்கு அல்ல, சில நிமிடங்கள் தள்ளித்தான். அன்று மேகம் மூடினால் மறுநாள் செய்யலாம், நிழல் அரை சென்டிமீட்டரைத் தாண்டாது. ஏன் 12-க்கு இல்லை என்று யாராவது கேட்பார்கள். அப்போது உள்ளே அழைத்துப் போய், வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளைத் திறங்கள்.