பிள்ளையை ஷூட்டிங்கில் சேர்க்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளையையும் சேர்க்கலாமே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் எடுத்தவுடனே துப்பாக்கி வாங்கப் போய்விடாதீர்கள். லட்சக்கணக்கில் கொட்டி இறக்குமதி ஏர் ரைபிள் வாங்கிய பிறகுதான் பிள்ளைக்குப் பிஸ்டல் பிடிக்கிறது என்று தெரியவரும். ஆரம்பத்துக்குக் கிளப் துப்பாக்கியே தாராளம். குழல் விட்டம் 0.177 அங்குலமுள்ள ஏர் ரைபிளுக்கு, அதன் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாதவரை லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக அதைப் பொம்மை என்று நினைத்து மொட்டைமாடியில் சுட விடாதீர்கள். கண்ணைப் பறிக்க அந்த ஆற்றல் போதும்.

கிளப்பில் கோச் யார் என்று விசாரிப்பவர்கள், அது மாநில சங்கத்தோடு இணைந்ததா என்று கேட்பதில்லை. இந்தியாவில் இந்த விளையாட்டை நிர்வகிப்பது, 1951இல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கம், அதாவது என்.ஆர்.ஏ.ஐ. மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் தொடங்கி வைத்தது; அவர் பெயரில் இன்றும் போட்டி நடக்கிறது. தேசியப் போட்டிக்கு மாநில சங்கம் வழியாகத்தான் போக முடியும். இணைப்பில்லாத ரேஞ்சில் எவ்வளவு ஸ்கோர் அடித்தாலும் அங்கே செல்லாது.

அப்புறம், ஓபன் சைட் (பின்னால் வெட்டு, முன்னால் முனை வைத்துக் குறிபார்ப்பது) பிரிவில் பதக்கம் வாங்கினால் ஒலிம்பிக் பாதையில் ஏறிவிட்டதாக நினைப்பார்கள். ஒலிம்பிக் ஏர் ரைபிள், சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட்டில் சுடுவது. பத்து மீட்டர் தள்ளியுள்ள இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர், பேனா முனை வைத்த புள்ளி மாதிரி. ஓபன் சைட் நல்ல தொடக்கம், அவ்வளவுதான்.

மருந்து விஷயத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். தேர்வுப் பதற்றத்துக்கோ, தலைவலிக்கோ டாக்டர் எழுதித் தரும் புரோப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் கை நடுக்கத்தைக் குறைக்கும். அதனாலேயே துப்பாக்கி சுடுதலில் அவற்றுக்குத் தடை, போட்டி இல்லாத நாட்களிலும்கூட. சிறுநீர்ச் சோதனையில் சிக்கியபின் ‘டாக்டர் கொடுத்தார்’ என்றால் எடுபடாது. உண்மையிலேயே தேவைப்பட்டால் மருத்துவ விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். டாக்டரிடம் போனவுடன் ‘பிள்ளை ஷூட்டிங் போகிறாள்’ என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கோட்டா. ஒலிம்பிக் கோட்டா, அதாவது ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளும் இடம், பெரும்பாலும் அதை வென்றவருக்குச் சொந்தமல்ல, நாட்டுக்குச் சொந்தம். 2022இல் கெய்ரோ உலக சாம்பியன்ஷிப்பில் ஏர் ரைபிள் தங்கம் வென்று ருத்ராங்க்ஷ் பாட்டில் இந்தியாவுக்கு ஓர் இடம் வாங்கித் தந்தார். பாரிஸுக்கு அவர் போகவில்லை. 2024இல் டெல்லியிலும் போபாலிலும் நடந்த தேர்வுச் சுற்றுகளின் முடிவில் சந்தீப் சிங்கும் அர்ஜுன் பபுதாவும் போனார்கள். அன்றைய ஃபார்மைப் பார்த்து அனுப்புவது சரி என்றுதான் நினைக்கிறேன், கோட்டா வாங்கியவருக்கு அது கொடுமை என்றாலும். தேர்வு விதிகள் ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் மாறக்கூடியவை. சீனியர்கள் சொல்லும் பழைய கணக்கை நம்பாமல், என்.ஆர்.ஏ.ஐ. வெளியிடும் புது விதியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.