பில் கணக்கை நாமே அலசலாம்

வேலூர் புதிய பஸ் நிலையத்துக்கு அருகே உணவகம் நடத்தும் என் மைத்துனருக்கு ஒரே சந்தேகம்: காலை 6 மணிக்கு அதிகம் போவது இட்லியா, பொங்கலா? பில் மென்பொருளின் தினசரி அறிக்கையில் மொத்தத் தொகைதான் இருந்தது.

அந்த மொத்தம் உதவாது. ஒவ்வொரு பில்லின் ஒவ்வொரு வரியும் வேண்டும்: பில் எண், நேரம், பொருள், எண்ணிக்கை, ஜிஎஸ்டி சேர்க்காத விலை. அந்த விவர அறிக்கையை எக்செல் கோப்பாக இறக்கி, பிவட் டேபிளில் (தரவைத் தொகுத்துக் காட்டும் எக்செல் வசதி) மணிவாரியாகத் தொகுத்தால் விடை கிடைத்துவிடும். ரத்தான பில்களை முதலில் நீக்கிவிடுங்கள். நாங்கள் மறந்தோம், யாரும் சாப்பிடாத பொங்கலெல்லாம் கணக்கில் ஏறிவிட்டது!

மென்பொருள் பில்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தையே திறந்து பார்க்கும் ஆர்வம் இருந்தால், அதன் நகலில் பாருங்கள். பில் ஓடிக்கொண்டிருக்கும்போது மூலத்தில் கைவைக்க வேண்டாம்.