சித்திரை வெயிலிலும் உருகாத அக்குள் கிரீம்: வீட்டிலேயே செய்வது எப்படி?

முதல் தடவை இதைச் செய்தபோது இணையத்தில் பார்த்த ஒரு குறிப்பை அப்படியே பின்பற்றினேன். தேங்காயெண்ணெய், ஆப்பசோடா, சோள மாவு, மூன்றும் சம அளவு. மார்கழிக் குளிரில் வெண்ணெய் மாதிரி உறைந்து நின்றது. மாசி கடைசியில் ஒருநாள் கைப்பைக்குள் டப்பா கவிழ்ந்து, பர்ஸ், சாவிக்கொத்து, பஸ் டிக்கெட் எல்லாம் எண்ணெய்க் குளியல். அதற்கு முன்பே அக்குள் சிவந்து எரிய ஆரம்பித்திருந்தது.

இரண்டுக்கும் காரணம் எளிது. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அந்தக் குறிப்பு குளிர் நாட்டுக்காரர் எழுதியது. நம் ஊர் அலமாரியில் அது கிரீமாக நிற்காது. ஆப்பசோடாவோ காரத்தன்மை கொண்டது. நம் தோல் லேசான அமிலத்தன்மை உடையது. அளவு மிஞ்சினால் தோல் சும்மா இருக்காது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் கிளம்புகிறது. நாம் செய்யப்போகும் கிரீம் நாற்றத்தைக் குறைக்கும், ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். வியர்வையை நிறுத்தாது.

தேவையானவை

தேங்காயெண்ணெய் 40 கிராம், தேன்மெழுகு 10 கிராம், கூவைக்கிழங்கு மாவு 40 கிராம், ஆப்பசோடா தலைதட்டி ஒரு டீஸ்பூன். கூவைக்கிழங்கு மாவை ஆரோரூட் மாவு என்று கேட்டாலும் தருவார்கள். கிடைக்காவிட்டால் கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு போதும். ஆப்பசோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடரை மாற்றி வாங்கிவிடாதீர்கள், அது வேறு. வாசனை வேண்டுமென்றால் வெட்டிவேர் தைலம் நாலைந்து சொட்டு.

செய்முறை

மெழுகை முதலில் துருவிக்கொள்ளுங்கள். கட்டியாகப் போட்டால் உருகவே நேரம் பிடிக்கும். துருவியை அப்புறம் கழுவுவது ஒரு தண்டனை, அதனால் பழைய துருவியாக இருக்கட்டும்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதற்குள் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை இறக்கி எண்ணெயையும் மெழுகையும் போடுங்கள். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். தேன்மெழுகு 60 டிகிரியைத் தாண்டித்தான் உருகும்; எண்ணெய் தெளிந்தபிறகும் மெழுகுத் துணுக்குகள் மிதக்கும், பொறுமையாகக் கிளறுங்கள்.

முழுவதும் தெளிந்ததும் கிண்ணத்தை வெளியே எடுத்து, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது. சலித்த மாவையும் சோடாவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். சோடா நறநறவென்று இருந்தால் மிக்ஸியில் ஒரு சுற்று பொடித்துக்கொள்வது நல்லது.

இப்போது அவசரப்பட்டு டப்பாவில் ஊற்றினால் மாவு அடியில் தங்கி, மேலே வெறும் மெழுகு நிற்கும். இட்லி மாவு பதத்துக்குக் கெட்டியாகும் வரை விடாமல் கிளறுங்கள். கைபொறுக்கும் சூட்டில் தைலத்தைச் சேர்த்து, காய்ந்த டப்பாவில் ஊற்றி ஆறவிடுங்கள். ஆறியபின் ரொம்பக் கெட்டியாகிவிட்டதா? அடுத்த முறை மெழுகில் இரண்டு கிராம் குறையுங்கள்.

பூசும் முன் முழங்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு வந்தால் அடுத்த முறை சோடாவே வேண்டாம். குளித்துத் துடைத்து, அக்குள் நன்றாகக் காய்ந்தபின் பட்டாணி அளவு போதும். அதிகம் பூசினால் சட்டையில் எண்ணெய்க் கறைதான் மிச்சம். சவரம் செய்த அன்று பூச வேண்டாம்.

இவ்வளவு வேலை வேண்டாமென்றால்

அதே மாவில் ஒரு சிட்டிகை சோடா கலந்து பவுடராகவே போட்டுக்கொள்ளலாம். எண்ணெய்க் கறைப் பயமில்லை. எலுமிச்சையைத் தேய்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை, அமிலம் தோலை அரிக்கும்.

என் கணக்கில் எல்லாவற்றையும்விட மலிவு படிகாரம்தான். முடிதிருத்தும் கடையில் சவரத்துக்குப் பின் தேய்ப்பார்களே, அதே கல். நாட்டு மருந்துக் கடையில் வழவழப்பான துண்டாகப் பார்த்து வாங்குங்கள். குளித்த ஈரத்தோடு நாலு இழுப்பு, பிறகு காயவிட்டுச் சட்டை போட வேண்டியதுதான். வாசனையும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. படிகாரமும் ஓர் அலுமினிய உப்புதான், அதனால் அலுமினியமே கூடாது என்பவர்களுக்கு இது சரிவராது.

கல்லைக் கழுவித் துடைத்து, காய்ந்த இடத்தில் வையுங்கள். என் முதல் கல்லைச் சோப்பு டப்பாவிலேயே விட்டுவைத்தேன். தேங்கிய தண்ணீரில் கரைந்து கரைந்து, ஒரு மாதத்தில் புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது.