டெக்சாஸுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு: 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாம்' என்று இருந்துவிடாதீர்கள்

முதல் மாதத்து வேலைகளை நான் விளக்க வேண்டியதில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, வீட்டு லீஸ், டிரைவிங் லைசன்ஸ் எல்லாம் ஆபீசில் சொல்லிவிடுவார்கள், வரிசையில் நின்றால் முடிந்துவிடும். ஒரே ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை: வேறு மாநிலத்தில் சட்டப்படி வாங்கிய கஞ்சாவும், அந்த வழக்கில் ஒத்துக்கொண்டு போடும் கையெழுத்தும் விசாவையே பறித்துவிடும். ஃபிரிஸ்கோவில் எங்கள் எதிர் வீட்டில் இருந்த கரூர்த் தம்பிக்கும் யாரும் சொல்லவில்லை. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவன் எட்டு மாதமாகத் திரும்ப முடியாமல் அங்கேயே இருக்கிறான். அவன் காரின் பேட்டரி செத்துவிடக் கூடாதென்று சனிக்கிழமை தோறும் நான்தான் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்.

ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை, அவனும் நண்பர்களுமாக நாலு பேர் கொலராடோவுக்கு மலை பார்க்கப் போனார்கள். அங்கே 2012-ல் மக்களே ஓட்டுப் போட்டுக் கஞ்சாவைச் சட்டப்படி ஆக்கிவிட்டார்கள். 2014 ஜனவரி 1 முதல் கடையில் விற்கிறார்கள். 21 வயது ஆனவர் என்று அடையாள அட்டையைக் காட்டினால் போதும். தம்பியும் வரி கட்டி, ரசீதோடு ஒரு டப்பா வாங்கினான். கஞ்சா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பொட்டலம். இது மிட்டாய். திருவிழாக் கடையில் விற்குமே, சீனியில் புரட்டிய ஜெல்லி மிட்டாய், அதே மாதிரி பத்து. ஒவ்வொன்றிலும் போதைச் சரக்கு 10 மில்லிகிராம். இரண்டைத் தின்றார்கள், மீதி காரில் கிடந்தது.

திரும்பி வரும்போது, டெக்சாஸில் அமரில்லோ ஊரைத் தாண்டி 287-ம் நெடுஞ்சாலையில் வேகமாகப் போனதற்காக போலீஸ் நிறுத்தியது. தம்பி தானாகவே டப்பாவையும் ரசீதையும் எடுத்து நீட்டினான். சட்டப்படி வாங்கியது, மறைக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். நேர்மையாக வளர்ந்த பிள்ளை. அந்த ரசீதுதான் அவனுக்கு எதிரான முதல் சாட்சி ஆனது.

ஊரில் கஞ்சா கேஸில் 'சிறிய அளவு' என்பது ஒரு கிலோ வரை. டெக்சாஸில் 2 அவுன்ஸுக்குள், அதாவது ஏறக்குறைய 56 கிராமுக்குள், இலையாக வைத்திருந்தாலே 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். இலையிலிருந்து எடுத்த எண்ணெய், வேப் பேனா, மிட்டாய் என்றால் கதையே வேறு. ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் அது ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். அதிலும் போதைச் சரக்கை மட்டும் நிறுக்க மாட்டார்கள். சீனி, ஜெலட்டின் எல்லாம் சேர்த்து முழு மிட்டாயையும் தராசில் வைப்பார்கள். 4 கிராமிலிருந்து 400 கிராம் வரை 2 முதல் 20 வருடம். மிச்சமிருந்த எட்டு மிட்டாயும் சேர்ந்து 30 கிராமுக்கு மேல் வந்தது. உள்ளே இருந்த சரக்கோ 80 மில்லிகிராம்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

ஆனாலும் அவனை வீழ்த்தியது அந்தத் தராசு இல்லை. அவனுக்கு அமைந்த வக்கீல் கெட்டிக்காரர், பேசிப் பேசி வழக்கைச் சாதாரண கஞ்சா கேஸாகக் குறைத்துவிட்டார். 'டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்' என்று ஒன்று இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள், ஒரு வருடம் ஒழுங்காக இரு, தீர்ப்பே எழுதாமல் வழக்கைத் தள்ளுபடி செய்கிறோம் என்பார்கள். ஊரில் ஹெல்மெட் கேஸுக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு நேரே வேலைக்குப் போகிறவர்கள் நாம். அவனும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டான். வருடம் முடிந்து வழக்கு தள்ளுபடி ஆன அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம்.

குடிவரவுச் சட்டத்துக்கு அந்தத் தள்ளுபடி கணக்கில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் ஏதாவது கட்டுப்பாடும் விதித்திருந்தால், அது தண்டனை பெற்றதாகவே எண்ணப்படும். 'நோ கான்டெஸ்ட்', அதாவது குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை, என்று சொன்னாலும் அதேதான். இன்று 24 மாநிலங்கள் வயது வந்தோருக்குக் கஞ்சாவை அனுமதித்திருக்கின்றன. ஆனால் விசாவைக் கையில் வைத்திருப்பது மத்திய அரசு, அதன் சட்டத்தில் இது இன்னும் போதைப்பொருள்தான். சொந்த உபயோகத்துக்காக 30 கிராமுக்குள் ஒரே ஒரு தடவை என்றால் நாடு கடத்துவதில் ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கு நாட்டுக்கு உள்ளே இருக்கிறவரைதான் காப்பாற்றும். வெளியே போய்த் திரும்ப நுழையும்போது அது கூட வராது. தம்பி கல்யாணத்துக்குப் போன கையோடு விசா ஸ்டாம்பிங்குக்கும் நேரம் வாங்கியிருந்தான். விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானது உண்டா என்று கேட்பார்கள், பொய் சொல்ல முடியாது. விசா வாசலிலேயே நின்றுவிட்டது. அவன் மகள் போனில் அப்பாவைப் பார்த்ததும் ஸ்க்ரீனைத் தடவுகிறாள்.

அதனால் சொல்கிறேன். கொலராடோவோ நியூ மெக்ஸிகோவோ கலிஃபோர்னியாவோ, அந்தக் கடைக்குள் போகாதீர்கள், நண்பர் வாங்கியதை உங்கள் காரில் ஏற்றாதீர்கள். டொராண்டோவிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவையுங்கள், கனடாவில் 2018-லிருந்து அனுமதி இருந்தாலும் எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்தால் குற்றம். பிடிபடவே இல்லையென்றாலும், விமான நிலைய அதிகாரியிடமோ விசா மருத்துவப் பரிசோதனையிலோ 'ஒரு தடவை சும்மா டிரை பண்ணினேன்' என்று சொன்னால், அந்த ஒப்புதலே உங்களைத் தடுக்கப் போதும். படிக்க வந்த பிள்ளைகள் அந்தக் கடைகளில் வேலைக்கும் சேராதீர்கள். அந்த வேலை பின்னால் குடியுரிமை கேட்கும்போது நன்னடத்தைக்கு எதிராக நிற்கலாம் என்று 2019-லேயே அரசு அறிவித்துவிட்டது.

போலீஸ் நிறுத்தினால் லைசன்ஸ், இன்சூரன்ஸ் கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால் 'ஐ டோன்ட் கன்சென்ட்'. வேறு கேள்வி வந்தால் 'ஐ வான்ட் எ லாயர்'. பொய் மட்டும் வேண்டாம்.

வழக்கு வந்துவிட்டால் கிரிமினல் வக்கீல் ஒருவர் போதாது. 2010-ல் பாடில்லா என்பவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டென்றால் வக்கீல் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பாடில்லா வியட்நாம் போர்க் காலத்தில் இந்த நாட்டு ராணுவத்தில் இருந்தவர், 40 வருடத்துக்கு மேல் இங்கே வாழ்ந்தவர். அவரும் கஞ்சா கேஸில் வக்கீல் பேச்சை நம்பி ஒப்புக்கொண்டவர்தான். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடும் முன் இமிகிரேஷன் வக்கீலிடம் அதைக் காட்டி, 'இதனால் என் விசாவுக்கு என்ன ஆகும்' என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒப்புதல் எழுதி வாங்காத 'ப்ரீட்ரயல் டைவர்ஷன்', அதாவது விசாரணைக்கு முன்பே வழக்கை வேறு வழியில் முடிக்கும் ஏற்பாடு, கிடைக்குமா என்று கேளுங்கள். அந்த வக்கீல் ஃபீஸ் அதிகம் என்றுதான் தம்பி போகவில்லை. இப்போது அந்த விசாத் தடையிலிருந்து விலக்கு கேட்கும் மனுவுக்கு அதைப் போலப் பல மடங்கு கட்டிவிட்டுக் காத்திருக்கிறான்.